மழையை எடை போட்டவர்கள்

மூக்கனேந்தல்காரர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

எனக்கு ஊர் ஆவரங்குடி. எங்களுக்கும் மூக்கனேந்தலுக்கும் பொதுவாக ஒரே ஒரு கண்மாய். அதன் கரை அவர்கள் ஊரில். கண்மாய்ச் சங்கம் அவர்கள் ஊரில். தலைவர், செயலாளர் எல்லாரும் அவர்கள் ஊர்க்காரர்கள். கடைமடையில் காய்கிற பெருமை மட்டும் எங்களுக்கு விட்டுக் கொடுத்திருந்தார்கள். என் வயல் அங்கேதான். அதற்கு அடுத்தது பொன்னழகியின் வயல். அவள் மூக்கனேந்தலில் வாழ்க்கைப்பட்டவள் என்றாலும் நல்ல புத்தியுள்ளவள். அதனால் சங்கத்தில் அவளைப் பேச விடுவதில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில் விதைத்தோம். ஐப்பசி மழையில் பயிர் ஜம்மென்று எழுந்தது. கார்த்திகையில் வானம் கதவைச் சாத்திக்கொண்டது. மார்கழியில் கதிர் பால் பிடிக்கிற நேரம். அப்போது ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் வைக்கோல். எனக்கு வைக்கோல் தின்கிற பழக்கம் இல்லை. அதனால் ராத்தூக்கம் போய்விட்டது.

கால்வாயில் தண்ணீர் விடுகிற அதிகாரம் டவுனில் இருக்கிற நீர் அலுவலகத்துக்கு. மழை இல்லாத ஊர்க் கண்மாய்க்குத்தான் தண்ணீர் என்று அங்கே முடிவு செய்திருந்தார்கள். ஆனால் மழை இல்லை என்று மனிதன் சொன்னால் செல்லாது. பெட்டி சொல்ல வேண்டும்.

பெட்டியைக் கார்த்திகைப் பிறப்பன்றே மேகலா மேடம் கொண்டுவந்து வைத்துவிட்டார். மேகலா மேடம் அந்த அலுவலகத்து இளம் பொறியாளர். யாரிடமும் கோபப்படத் தெரியாதவர், பாவம். கண்மாய்க் கரையில் ஒரு இரும்புக் கம்பம், உச்சியில் ஒரு புனல், இடுப்பு உயரத்தில் சாம்பல் நிறப் பெட்டி. புனலில் விழுகிற மழை உள்ளே ஒரு சின்னக் கரண்டியில் சேரும். கரண்டி நிரம்பினால் கவிழும். எப்போது கவிழ்ந்தது, எத்தனை தடவை கவிழ்ந்தது என்று பெட்டி பதிந்து வைத்துக்கொள்ளும். கார்த்திகை முழுக்க அந்தக் கரண்டி அசையவே இல்லை. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

மார்கழியில் மேடம் மறுபடியும் வந்தார். சங்கத் தலைவர் காத்தமுத்து கையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்தார்.

"ஐயா, நான் நாளைக்கு டிரெய்னிங் போறேன். பெட்டியில பதிவானதை இதுல ஏத்தி வெள்ளிக்கிழமைக்குள்ள ஆபீஸ்ல சேர்த்துடுங்க. பெட்டியைத் திறங்க, இதைச் சொருகுங்க, பச்சை பட்டனை அமுக்குங்க. ஒரு லைட்டு மினுக்கும். மினுக்கி நின்னதும் எடுத்துக்கலாம். ஏறியிருக்கான்னு ஒருக்கா சரிபாத்துக்குங்க. நனையாம கொண்டுபோங்க."

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. காத்தமுத்து முகத்தில் தெளிவில்லை என்று பார்த்து, மேடம் புரியும்படி ஒரு விளக்கமும் கொடுத்தார்.

"ஒண்ணும் பெரிய வித்தை இல்லய்யா. இதை ஒரு பாத்திரம்னு வெச்சுக்குங்க. வெறும் பாத்திரமா குடுக்குறேன், நீங்க நிரப்பித் தர்றீங்க. அவ்வளவுதான்."

காத்தமுத்துவின் முகம் உடனே தெளிந்தது. அதைப் பார்த்து மேடம் சந்தோஷமாக ஜீப்பில் ஏறிவிட்டார். அந்தத் தெளிவைப் பார்த்து நான் பயந்தேன், ஏனென்றால் எனக்கு மூக்கனேந்தலைத் தெரியும்.

ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். குழம்பு வாங்கின கிண்ணத்தில் நாலு முருங்கைக்காயையாவது வைத்துக் கொடுப்போம். மூக்கனேந்தலில் இது வழக்கம் இல்லை, சட்டம். எது பாத்திரம் என்பதில்தான் அவர்களுக்கு எல்லை கிடையாது. செயலாளர் உடையணன் என்னிடம் மருந்தடிக்கிற டேங்கை இரவல் வாங்கி, கழுவி, மோர் நிரப்பித் திருப்பிக் கொடுத்தவர். நான் பார்க்காமல் பயிருக்கு அடித்தேன். ஒரு வாரம் என் வயலைச் சுற்றி ஊர்ப் பூனையெல்லாம் படுத்துக் கிடந்தது.

இன்னொரு தடவை, ஆஸ்பத்திரியில் குணமான ஒருவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். வண்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்ப ஊர் சம்மதிக்கவில்லை. திடகாத்திரமான ஒரு ஆளைப் படுக்க வைத்து அனுப்பினார்கள். அங்கே அவருக்குக் குளுக்கோஸ் ஏற்றி, எக்ஸ்ரே எடுத்து, நல்ல ஓய்வு தேவை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அவர் மண்வெட்டியைத் தொடுவதில்லை.

புதன்கிழமை காலையில் சங்கம் கரையில் கூடியது. நானும் போனேன். போகாமல் இருக்க முடியுமா, என் நெல்லும் அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கிறது!

முதலில் கம்பத்தைச் சுற்றித் தார்ப்பாய் விரித்தார்கள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"ஏத்தும்போது சிந்துனா?" என்றார் உடையணன். "களத்துல நெல்லு அள்ளும்போது கீழ விரிக்காமயா அள்றோம்? ஆவரங்குடியில எப்படியோ!"

தார்ப்பாய் விரித்தாயிற்று. காத்தமுத்து மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பென் டிரைவைச் சொருகி, பச்சை பட்டனை அமுக்கினார். அமுக்கினவர் அமுக்கினபடியே நின்றார். விளக்கு மினுக்கவில்லை.

"விரலை எடுங்கண்ணே" என்றேன்.

"மேடம் அமுக்கச் சொன்னாங்க. எடுக்கச் சொன்னாங்களா?"

"அமுக்குனா எடுக்குறதுதானே?"

"அது ஒங்க ஊரு. நாங்க சொன்னதுக்கு மேல ஒண்ணு செய்ய மாட்டோம்" என்றார் காத்தமுத்து. எடுக்கலாமா என்று கேட்டு வர உடையணனை அனுப்பினார்கள். கரையில் செல்போன் சிக்னல் கிடையாது. மேல்நிலைத் தொட்டி ஏணியில் பாதி ஏறினால்தான் கிடைக்கும். அவர் போய், ஏறி, பேசி, இறங்கி வருகிற வரைக்கும் தலைவர் விரலை எடுக்கவில்லை. வெயில் ஏறியது. ஒருவர் குடை பிடித்தார், ஒருவர் நீராகாரம் ஊட்டினார். விரல் மரத்துப்போனபோது அதன் மேல் இன்னொருவர் விரலை வைத்துத் தாங்கினார். அவர்கள் ஒற்றுமையைக் குறை சொல்ல முடியாது.

உடையணன் ஓடி வந்தார். "எடுக்கலாமாம்! மேடம் ரயிலேறிட்டாங்களாம். இனிமே போனு எடுக்க மாட்டாங்களாம்."

விரலை எடுத்ததும் விளக்கு மினுக்கி நின்றது. வேலை முடிந்துவிட்டது. என் வாழ்க்கையில் மூக்கனேந்தல்காரர்கள் ஒரு காரியத்தைச் சரியாக முடித்து நான் பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான். அந்த நிமிஷத்தில் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். மரியாதை பார்த்து நின்றேன்.

"ஏறியிருக்கான்னு சரிபாக்கச் சொன்னாங்களே" என்றார் காத்தமுத்து.

"வெறும் எடை தெரியணும், நெறஞ்ச எடை தெரியணும்" என்றார் உடையணன். "வெறும் எடையை நான் நேத்தே பாத்துட்டேன்."

நிஜமாகவே பார்த்திருந்தார். கடைத்தெருவில் நகை செய்கிற பத்தரிடம் போய், தங்கம் நிறுக்கிற தராசில் முதல்நாளே பென் டிரைவை வைத்து எடை பார்த்திருக்கிறார். இப்போது சங்கம் மொத்தமும் பத்தர் கடைக்குப் போனது. பத்தர் தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்து, பென் டிரைவை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தார்.

"நேத்து என்னவோ அதேதான். ஒரு குந்துமணி எடைகூட ஏறல" என்றார்.

கடை வாசலிலேயே விவாதம் தொடங்கியது.

"பெட்டி ஏமாத்திருச்சு."

"பெட்டி எப்படி ஏமாத்தும்? லைட்டு மினுக்குச்சே."

"அப்ப வழியில எங்கயாவது கொட்டிருச்சா?"

"மூடி போட்டுத்தானே கொண்டாந்தோம்."

காத்தமுத்து கையை உயர்த்தினார். "யோசிச்சுப் பாருங்கப்பா. கார்த்திகையில மழை பேஞ்சுச்சா?"

"பேயலையே."

"பேயாத மழைக்கு ஏதுடா எடை?"

எல்லோரும் ஆகா என்றார்கள். பத்தர்கூடத் தலையாட்டினார். நானும் ஒரு கணம் ஆடிப்போனேன். "சரியாச் சொன்னீங்கண்ணே, அதை அப்படியே கொண்டுபோய்க் குடுங்க, கண்மாய்க்குத் தண்ணி வந்துரும்" என்றேன்.

காத்தமுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னப்பா சொல்ற? அந்தப் புள்ள நம்மள நம்பி ஒரு பாத்திரத்தைக் குடுத்துட்டுப் போயிருக்கு. நெரப்பித் தாங்கன்னு வாயத் தொறந்து கேட்டுட்டுப் போயிருக்கு. அதுல ஒண்ணுமே இல்லைன்னு பத்தரே சொல்லிட்டாரு. வெறும் பாத்திரத்தைக் கொண்டுபோய் ஆபீஸ்ல நீட்டச் சொல்றியா?"

"மழை இல்லைன்னு சொல்லத்தானே போறோம்?"

"சொல்லத்தான் போறோம். அதை வெறும் பாத்திரத்தோட போயா சொல்றது?"

எனக்கு மேலும் பேச உரிமை இல்லை, நான் சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்று உடையணன் ஞாபகப்படுத்தினார். அப்புறம் தீர்மானம் நிறைவேறியது. பென் டிரைவில் ஏற்ற வேண்டுமென்றால் பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டியில் இருக்க வேண்டுமென்றால் புனலில் விழ வேண்டும். அதனால் புனலில் தண்ணீர் ஊற்றுவது.

தண்ணீருக்கு எங்கே போவது? வாரத்துக்கு ஒருநாள் டேங்கர் லாரி வந்து குடிதண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அன்றைக்கு லாரி வந்திருந்தது. வீட்டுக்கு ஒரு குடம் கரைக்கு வந்தாக வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள்.

பொன்னழகி இடுப்பில் குடத்தோடு வந்து கம்பத்தின் முன்னால் நின்றாள். "காத்தமுத்து அம்பலம், புள்ளைகளுக்குக் குடிக்க வெச்ச தண்ணி இது. இதை ஊத்துனா கண்மாய்க்குத் தண்ணி வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்க."

"மரியாதை செஞ்சா மரியாதை வரும் தாயி" என்றார் காத்தமுத்து.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் தன் வயல் இருக்கிற திசையைப் பார்த்தாள். கதிர் வெளிறத் தொடங்கியிருந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஏணி போட்டு ஏறி ஊற்றினார்கள். களத்தில் நெல் அளக்கிற மாதிரியே, முதல் குடத்துக்கு "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்றார் உடையணன். அடுத்து "ரெண்டு", "மூணு" என்று போய்க்கொண்டே இருந்தது. உள்ளே அந்தச் சின்னக் கரண்டி டக்டக் டக்டக்கென்று மூச்சுவிடாமல் கவிழ்ந்தது. ஒரு மாதமாகச் சும்மா இருந்ததற்கு ஒரே மத்தியானத்தில் வேலை வாங்கிவிட்டார்கள். தண்ணீர் இல்லை என்று நிரூபிப்பதற்காக, இருந்த தண்ணீரையும் ஊற்றிய ஊர் வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள், நான் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

கடைசிக் குடமும் தீர்ந்த பிறகு பென் டிரைவைச் சொருகி, அமுக்கி, இந்தத் தடவை சொல்லாமலே விரலை எடுத்து, மறுபடியும் பத்தர் கடைக்கு ஓடினார்கள். ஏணியில் இருந்து ஒழுகின தண்ணீரில் உடையணன் கை, சட்டை, பென் டிரைவின் மூடி எல்லாம் ஈரம். பத்தர் தட்டில் வைத்தார். முள் ஒரு மயிரிழை அசைந்தது.

"ஏறியிருக்கு!" என்றார் பத்தர்.

ஊரே கைதட்டியது. காத்தமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நனையாமல் கொண்டுபோகச் சொன்னதால், வியாழக்கிழமை மொட்டை வெயிலில் பஸ்ஸுக்குள் குடை விரித்துப் பிடித்துக்கொண்டு உடையணன் டவுனுக்குப் போனார். பக்கத்து சீட்டுக்காரர்கள் கேட்டதற்கு, "உள்ள மழை இருக்கு, அதான்" என்று சொன்னாராம். அவர்கள் வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்களாம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் நானும் போனேன். மேகலா மேடம் இடத்தில் அவருக்கு மேலதிகாரி தாமோதரன் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் திரையில் மூக்கனேந்தல் மழை தெரிந்தது. கார்த்திகை முழுக்கத் தரையோடு தரையாகப் போன கோடு, புதன்கிழமை மத்தியானம் செங்குத்தாக எழுந்து திரையின் கூரையில் முட்டி நின்றது.

"சார், அது மழை இல்ல. குடத்தால ஊத்துனாங்க. நான் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"உங்க கண்ணுக்கு அளவுச் சான்றிதழ் இருக்கா?"

"இல்ல சார்."

"பெட்டிக்கு இருக்கு" என்றார் தாமோதரன். சொல்லிவிட்டு மூக்கனேந்தலுக்குப் போன் போட்டார். ஊர் என்னவாயிற்று என்று அவருக்குக் கவலை. மனிதர் நல்லவர்தான். போனைக் காத்தமுத்து எடுத்திருக்கிறார், உடையணன் சேதிக்காகத் தொட்டி ஏணியில் நின்றுகொண்டு.

"எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா?"

"இருக்கோம் சார். நான் தொட்டி மேல இருக்கேன்."

தாமோதரன் முகம் வெளுத்துவிட்டது. "ஊர்த் தலைவரே தண்ணித் தொட்டி மேல ஏறி உயிரைக் காப்பாத்திக்கிட்டு இருக்காரு!" என்று எழுந்தவர், மேலிடத்துக்கு அவசர அறிக்கை அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தார். மூக்கனேந்தல் வெள்ளத்தில் மூழ்கியது என்று அதில் இருந்தது. அத்தோடு என் நெல் வைக்கோலாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டு, பஸ் ஏறி வந்து குப்புறப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு லாரி மூக்கனேந்தலுக்குள் வந்தது. லாரியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் பெரிய மீட்புப் படகு. பின்னாலேயே ஜீப்பில் தாமோதரன், மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு. படகைக் கண்மாய்க்குள் இறக்கினார்கள். வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்த மண்ணில் அது ஒருக்களித்து உட்கார்ந்தது. இரண்டு ஆடுகள் வந்து அதன் நிழலில் படுத்துக்கொண்டன.

தாமோதரன் நாலு பக்கமும் பார்த்தார். "தண்ணி எங்கய்யா?"

"ஒங்களுக்குத்தான் குடுத்து விட்டோமே சார்" என்றார் காத்தமுத்து. "அந்தக் குச்சியில."

"எல்லாத்தையுமா?"

"ஒரு சொட்டு நாங்க வெச்சுக்கல சார். வீட்டுல குடிக்கக்கூட வெச்சுக்கல."

மிதவைச் சட்டைக்குள் தாமோதரனுக்கு வேர்த்துக் கொட்டியது. நடந்தது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அறிக்கை மேலே போய்விட்டது. மேலே இருந்து அதற்கும் மேலே போய்விட்டது. படகு இயக்கப்பட்ட போட்டோவைச் சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொல்லி அங்கிருந்து திரும்பவும் வந்துவிட்டது. இப்போது ஒன்று, வெள்ளம் இல்லை என்று அறிக்கையைத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் கண்மாயைத் திருத்த வேண்டும். அரசாங்க வேலையில் பழுத்தவர் அவர். எது சுலபம் என்று அவருக்குத் தெரியாதா?

ஜீப் வயர்லெஸ்ஸை எடுத்தார். "மூக்கனேந்தல் கால்வாய் ஷட்டரைத் தூக்குங்க. ஆமா, வெள்ளம் வந்த ஊருக்குத்தான். கேள்வி கேக்காம தூக்குய்யா!"

மத்தியானத்துக்கு மேல் வரத்துக்காலில் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. நான் கரையில் ஓடினேன். என் பின்னால் பொன்னழகி ஓடி வந்தாள். இரண்டு ஊரும் மடையில் நின்றது. ஆடுகள் எழுந்து போயின. படகு ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்து மிதந்தது.

போட்டோ எடுக்க வேண்டுமே. வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களாகச் சிலரைப் படகில் உட்காரச் சொன்னார் தாமோதரன். காத்தமுத்து, உடையணன், பொன்னழகி, இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். யார் முகத்திலும் வெள்ளத்தின் சாயலே இல்லை, பல்லெல்லாம் தெரிகிறது.

"சோகமா இருங்கய்யா! வீடு வாசல் போயிடுச்சு உங்களுக்கு!"

"தண்ணி வந்திருக்கு சார், எப்படிச் சோகமா இருக்குறது?" என்றார் உடையணன்.

பொன்னழகிதான் அழுதாள். தண்ணீர் தன் வயல் பக்கமாகத் திரும்புவதைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். போட்டோ பிரமாதமாக வந்தது. கரையில் நின்ற நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூக்கனேந்தல்காரர்களால் என் கண்ணில் தண்ணீர் வந்தது அது முதல் தடவை இல்லை, ஆனால் சந்தோஷத்தில் வந்தது அதுதான் முதல் தடவை.

"சரி, இறங்குங்க. ஷட்டரை மூடணும்" என்றார் தாமோதரன்.

யாரும் அசையவில்லை.

"இறங்குங்கய்யா!"

"சார்" என்றார் காத்தமுத்து, படகின் விளிம்பைத் தடவிக்கொண்டு. "நாங்க ஒரு சுண்டு விரல் அளவு பாத்திரத்தைத்தான் நெரப்பிக் குடுத்தோம். அந்த மரியாதைக்குப் பதில் மரியாதையா நீங்க இம்மாம் பெரிய பாத்திரத்தைக் குடுத்து விட்டிருக்கீங்க. நாங்க எறங்கிட்டா இது வெறுமையாயிரும். வெறுமையா எப்படித் திருப்பித் தர்றது?"

"எதையாவது போட்டுத் தொலைங்க!"

"போடுறதுக்கு இப்ப ஊருல என்ன சார் இருக்கு? நெல்லு வரட்டும். அதுவரைக்கும் நாங்க ஆளு மாத்தி ஆளு ஒக்காந்துக்கிர்றோம்."

தாமோதரன் கத்தினார், கெஞ்சினார், கடைசியில் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மீட்புப் படகில் ஆள் இருக்கும் வரை நீர்வரத்தை நிறுத்தக் கூடாது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. படகில் ஆட்களை அவரே ஏற்றி, போட்டோ எடுத்து, மேலே அனுப்பியும் விட்டார். அப்புறம் மிதவைச் சட்டையைக் கழற்றிப் படகுக்குள் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்றிலிருந்து மூக்கனேந்தல் முறை போட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்தது. காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம். கோலம் போட்டுவிட்டுப் பெண்கள் வருவார்கள், தூக்குவாளியோடு ஆண்கள் வருவார்கள். கால்வாய் தன்பாட்டுக்கு ஓடியது. கடைமடையில் என் வயலில் முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது. என் அப்பா காலத்தில்கூட அப்படி நின்றதில்லை. இவர்களைப் பற்றி ஊர் ஊராகச் சொல்லிச் சிரித்த நான், இவர்கள் தயவில் கதிர் முற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த எரிச்சல் இன்றைக்கும் போகவில்லை.

பயிற்சி முடிந்து மேகலா மேடம் வந்தார். படகைப் பார்த்தார். படகில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த சங்கத்தைப் பார்த்தார். பெட்டிக்குக் கீழே இன்னும் விரித்தே கிடந்த தார்ப்பாயைப் பார்த்தார். கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "மேடம், குடுத்தது ஏறியிருந்துச்சா?" என்று மட்டும் காத்தமுத்து படகில் இருந்து குரல் கொடுத்தார். "ஏறியிருந்துச்சுய்யா" என்றார் மேடம், கண்ணைத் திறக்காமலே.

தை பிறந்து அறுவடை முடிந்தது. பொன்னழகி வீட்டில் மூட்டைக்கு இடம் போதாமல் வாசலில் அடுக்கியிருந்தாள். என் வீட்டிலும் அப்படித்தான். படகில் இருந்து ஆட்கள் இறங்கினதும் கால்வாய் ஷட்டரை மூடினார்கள். கண்மாய் வற்றி, படகு பழையபடி தரை தட்டியது. மூக்கனேந்தல் சொன்ன சொல் தவறவில்லை. படகின் விளிம்பு வரைக்கும் புது நெல்லைக் கொட்டி, மேலே ஒரு பூசணிக்காயையும் வைத்தார்கள். அலுவலகத்து லாரி கரையில் வந்து நின்றது. மேகலா மேடமும் வந்திருந்தார். ஊர் கூடி, படகை லாரியில் ஏற்றக் கயிறு கட்டியது.

"நில்லுங்கப்பா!" என்றார் உடையணன்.

எல்லோரும் நின்றார்கள்.

"ஏறியிருக்கான்னு சரிபாக்க வேணாமா?"

ஊர் திகைத்துப் போனது. இவ்வளவு பெரிய விஷயத்தை மறக்கப் பார்த்தோமே என்று காத்தமுத்து தலையில் அடித்துக்கொண்டார். மேடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "விடுங்கம்மா, நாம உறுப்பினர் இல்ல."

லாரியை விட்டுவிட்டு, நெல்லும் பூசணிக்காயுமாகப் படகை ஊரே தோளில் தூக்கிக்கொண்டது. தாளம் தவறாமல் மூச்சுப் பிடித்துக் கடைத்தெருவுக்குள் திரும்பினார்கள். எதிரே வந்த பஸ் ஓரமாக ஒதுங்கி நின்றது.

தெருக்கோடியில் பத்தர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். வருவது என்ன என்று பார்த்தார். திரும்பித் தன் சின்னத் தராசைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் கடை ஷட்டரை இழுத்து மூடுகிற சத்தம் எங்கள் ஆவரங்குடி வரைக்கும் கேட்டது.